என் பேய்க்கதை 'உண்மைச் சம்பவம்' ஆனபோது

என் சிறுகதைத் தொகுப்புக்கு வந்த ஓர் ஒற்றை நட்சத்திர மதிப்புரையிலிருந்துதான் எனக்கு விஷயமே தெரியவந்தது. "இதை ஏற்கெனவே காணொளியில் கேட்டுவிட்டேன். யாருக்கோ உண்மையில் நடந்ததை எடுத்துத் தன் பெயரில் விற்கிறார்" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் சொன்ன கதை இதுதான்: இறந்துபோன அத்தையின் தையல் இயந்திரம் பூட்டிய அறைக்குள் இரவில் ஓடுகிறது. காலையில் கதவைத் திறந்தால், வீட்டில் உள்ள யாரோ ஒருவரின் அளவுக்குச் சரியாக ஓர் உடை தைத்து மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்த அளவு யாருடையதோ, அவருக்கு அடுத்து என்ன ஆகிறது என்பது மீதி. எனக்கு அப்படி ஓர் அத்தை கிடையாது. எங்கள் வீட்டில் யாருக்கும் ஊசியில் நூல் கோக்கக்கூடப் பொறுமை இல்லை. கதையில் வரும் ஊரின் பெயரும் நான் இட்டுக்கட்டியதுதான். எந்த வரைபடத்திலும் அது இல்லை.

தேடியதும் காணொளி கிடைத்துவிட்டது. அமானுஷ்யக் கதைகளை வாசிப்பதற்கென்றே நடத்தப்படும் ஒரு சேனல். 'நேயர் அனுப்பிய உண்மைச் சம்பவம்' என்று தலைப்பு. என் நூலை வாங்கியவர்களைவிடப் பல மடங்கு பேர் அதைக் கேட்டிருந்தார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு நானும் கேட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. மிதிகட்டையின் ஓசை நிற்கும் இடத்தில் அந்தக் குரல் எடுத்துக்கொண்ட இடைவெளியை என்னால் எழுத்தில் கொண்டுவர முடிந்ததில்லை. முடிவு தெரிந்த எனக்கே முதுகு சில்லிட்டது. கீழே ஒருவர் "அந்தக் குடும்பம் இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருந்தார். இன்னொருவர் அந்த ஊருக்குப் போயிருப்பதாகவே எழுதியிருந்தார். இல்லாத ஊருக்கு! ஒரு திகில் எழுத்தாளன் கனவு காண்கிற பாராட்டு எல்லாம் அங்கே கொட்டிக் கிடந்தது. என் பெயர்தான் எங்கும் இல்லை.

சுயமாக நூல் வெளியிடுகிறவர்களின் நிலை தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பதிப்பகம் இல்லை என்றால் சட்டப் பிரிவும் இல்லை. கடிதம் எழுதித் தருவதற்கும் ஆள் இல்லை. மெய்ப்புத் திருத்துபவருக்கும் அட்டை ஓவியருக்கும் என் கையிலிருந்துதான் கொடுத்தேன். அந்தத் தொகுப்புக்குச் செலவானது அதுவரை வந்த உரிமைத்தொகையைவிட அதிகம். திகிலுக்கு வாசகர்கள் குறைவு, ஆனால் விசுவாசமானவர்கள். அவர்களைச் சேர்ப்பதற்கு எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன்: ஒன்றிரண்டு கதைகளை என் இணையப் பக்கத்தில் இலவசமாகப் படிக்கக் கொடுத்தேன். தையல் இயந்திரக் கதை அப்படிக் கொஞ்ச காலம் வெளியில் இருந்தது. திருட்டு அங்கிருந்துதான் போயிருக்க வேண்டும்.

இந்த வகை எழுத்தில் ஒரு பழைய விளையாட்டு உண்டு. 'இது எனக்கு நடந்தது' என்று தொடங்குவோம். வாசகருக்கும் அது விளையாட்டு என்று தெரியும், தெரிந்தே நம்புவார். 1764-இல் ஆங்கில எழுத்தாளர் ஹோரேஸ் வால்போல் 'தி காசில் ஆஃப் ஒட்ரான்டோ' என்ற திகில் நாவலை வெளியிட்டபோது, பழைய இத்தாலிய நூல் ஒன்றின் மொழிபெயர்ப்பு என்றுதான் சொன்னார். அடுத்த ஆண்டு இரண்டாம் பதிப்பில்தான் தானே எழுதியதாக ஒப்புக்கொண்டார். இந்த விளையாட்டு கைமீறியதற்கு வேல்ஸ் நாட்டு எழுத்தாளர் ஆர்தர் மேக்கெனின் கதையைவிட நல்ல சான்று இல்லை. முதல் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களில், 1914 செப்டம்பர் 29 அன்று, லண்டன் 'ஈவினிங் நியூஸ்' நாளிதழில் அவருடைய சிறுகதை ஒன்று வந்தது. போர்க்களத்தில் சிக்கிய பிரிட்டிஷ் வீரர்களுக்கு உதவ, பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த வில்லாளிகளின் ஆவிகள் வந்து நிற்பதாகக் கதை. அதைத் தம் இதழில் வெளியிட்ட பாதிரியார் ஒருவர், தனிப் பிரசுரமாகப் போட அனுமதி கேட்டு, எந்த ஆதாரத்திலிருந்து எடுத்தீர்கள் என்றும் விசாரித்தார். ஆதாரமே கிடையாது, கற்பனை என்று மேக்கென் பதில் எழுதினார். நீங்கள் தவறாக நினைக்கிறீர்கள், அடிப்படைச் செய்தி உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று பாதிரியார் திருப்பி எழுதினார்! பிறகு பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரத்துப் போர்க்களத்தில் தேவதைகள் தோன்றினார்கள் என்ற வதந்தியாக அது நாடெங்கும் பரவியது. இந்தச் செய்தியைப் பல ஆண்டுகளுக்கு முன் ரசித்துப் படித்திருக்கிறேன். எனக்கு நடந்தபோது ரசிக்க முடியவில்லை.

சேனலுக்கு எழுதினேன். மரியாதையாகத்தான். பதில் அன்றே வந்தது: "நேயர் ஒருவர் தமக்கு நடந்ததாக அனுப்பியது. உங்கள் பக்கத்திலும் இது எனக்கு நடந்தது என்றுதான் இருக்கிறது. உண்மைச் சம்பவம் யாருக்கும் சொந்தமல்ல." அந்த மூன்றாவது வாக்கியத்தைப் பல முறை படித்தேன். கோபத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அது முழுப் பொய்யும் இல்லை. பதிப்புரிமை உண்மைத் தகவலைக் காப்பதில்லை, கருத்தையும் காப்பதில்லை. அதைச் சொன்ன விதத்தைத்தான் காக்கிறது. பூட்டிய அறை, தானே ஓடும் இயந்திரம், சாவை முன்னறிவிக்கும் உடை, இவற்றில் எதற்கும் நான் உரிமை கொண்டாட முடியாது. யார் வேண்டுமானாலும் இவற்றை வைத்து வேறொரு கதை எழுதலாம். என்னுடையது அந்த வாக்கியங்கள், பாத்திரங்கள், நிகழ்ச்சிகளை நான் அடுக்கிய வரிசை. இதைப் புரிந்துகொள்ளாமல் 'என் கருவைத் திருடிவிட்டார்கள்' என்று புகார் எழுதினால் முதல் படியிலேயே தோற்றுவிடுவோம். நான் காணொளியை வரிவரியாக எழுத்தில் எடுத்து, என் கதையைப் பக்கத்தில் வைத்து, ஒத்துப்போகும் இடங்களுக்கு வண்ணமிட்டேன். ஓரிரு சொற்களை மாற்றியிருந்தார்கள். மற்றபடி பத்தி பத்தியாக என்னுடையது. என் கற்பனை ஊரின் பெயரைக்கூட விட்டுவைத்திருந்தார்கள். கடைசியில் என்னைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு அந்தப் பெயருக்கு உண்டு. இல்லாத ஊரில் உண்மைச் சம்பவம் எப்படி நடக்கும்?

நான் கலந்துபேசிய வழக்கறிஞர் சொன்ன இன்னொரு செய்தி என்னை உண்மையாகவே பயமுறுத்தியது. 2020-இல் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், கோர்பெல்லோ எதிர் வாலி என்ற வழக்கில் ஒரு கொள்கையை உறுதிசெய்தது. ஓர் இசைக்கலைஞரின் வாழ்க்கை வரலாறு பற்றிய வழக்கு அது. பேய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரு படைப்பை முழுக்க உண்மை என்று உலகத்துக்கு முன்வைத்தவர், பிறகு வழக்கில் வந்து 'இதில் சில பகுதிகள் என் கற்பனை, ஆகவே அவற்றுக்குக் கற்பனைக்குரிய பாதுகாப்பு வேண்டும்' என்று கேட்க முடியாது என்பது சாரம். கதைக்குள் 'நான்' என்று ஒரு பாத்திரம் பேசுவது வேறு. நூலின் முன்னுரையிலும் பேட்டியிலும் விளம்பரத்திலும் 'சத்தியமாக நடந்தது' என்று எழுத்தாளரே சொல்வது வேறு. நல்ல வேளையாக என் மின்னூலின் முகப்பில் சிறுகதைகள் என்றும், உரிமைப் பக்கத்தில் எல்லாம் கற்பனையே என்றும் அச்சாகியிருந்தது. விற்பனைக்காக 'உண்மைச் சம்பவங்களைத் தழுவியது' என்று அட்டையில் போடச் சொல்லி ஒரு நண்பர் அப்போது வற்புறுத்தியிருந்தார். கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு. திகில் எழுதுகிறவர்கள் இதை மட்டுமாவது கவனியுங்கள்: பொய்ச் சத்தியமெல்லாம் கதைக்குள்ளேயே இருக்கட்டும். கதைக்கு வெளியே, உங்கள் பெயர் இருக்கும் எந்த இடத்திலும், அது கற்பனை என்று ஒரு வரி இருக்கட்டும். பயம் குறைந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம். மேக்கென் கற்பனை என்று கூவிச் சொல்லியும் ஒருவரும் கேட்கவில்லை.

சேனலுக்கு எழுதுவதற்கு முன்பே ஆதாரங்களைச் சேர்த்து வைத்திருந்தேன். இந்த வரிசை முக்கியம். என் கடிதம் போன சில மணி நேரத்தில் காணொளியின் தலைப்பும் விளக்கமும் மாறிவிட்டன. 'நேயர் அனுப்பிய' என்பது போய், 'செவிவழிக் கதை' ஆகிவிட்டது. திரைப்பிடிப்பு எடுத்து வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதை யார் வேண்டுமானாலும் மாற்றியமைக்க முடியும் என்பதால் எதிர்த்தரப்பு எளிதில் மறுத்துவிடலாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால், அன்றைய தேதியோடு அது சேமித்து வைத்துக்கொள்ளும். நம் கை படாத சான்று அது. திருடப்பட்ட பக்கத்தையும் சேமியுங்கள். அதைவிட முக்கியமாக, உங்கள் கதையை வெளியிடும் நாளிலேயே உங்கள் பக்கத்தையும் சேமித்துவிடுங்கள். என் பக்கத்தின் பழைய பிரதி ஒன்று அங்கே இருந்தது, காணொளிக்கு முந்தைய தேதியில். அதோடு மெய்ப்புத் திருத்துநருக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள், அவர் அடித்துத் திருத்திய பிரதி. கையெழுத்துப் பிரதியை உறையில் ஒட்டித் தனக்கே தபாலில் அனுப்பிக்கொள்வது என்றொரு பழைய யோசனையை இன்னமும் சிலர் சொல்கிறார்கள். அதற்கென்று சட்டத்தில் தனி மதிப்பு எதுவும் கிடையாது. தபால்தலைக் காசு மிச்சம்.

அடுத்த கட்டம் அகற்றல் அறிவிப்பு, அதாவது திருட்டுப் பிரதியை நீக்கச் சொல்லித் தளத்துக்கு அனுப்பும் புகார். பெரிய காணொளித் தளங்களும் மின்னூல் கடைகளும் பெரும்பாலும் அமெரிக்க நிறுவனங்கள். அவை அந்நாட்டின் 1998-ஆம் ஆண்டு டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டப்படி புகார்களைக் கையாள்கின்றன. எந்த நாட்டில் இருந்தாலும் அனுப்பலாம், கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. எது உங்கள் படைப்பு, எது மீறல், அது எந்த முகவரியில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். தொடர்பு விவரங்கள் தர வேண்டும். இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று நல்லெண்ணத்தோடு நம்புவதாகவும், அறிவிப்பில் உள்ள தகவல் சரியானது என்றும் உறுதி கூற வேண்டும். உரிமையாளர் நான்தான் என்பதைப் பொய் என்றால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற நிபந்தனையோடு சொல்ல வேண்டும். கடைசியில் கையொப்பம். பதிப்புரிமையைப் பதிவு செய்யவில்லையே, புகார் செல்லுமா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கும் பெர்ன் உடன்படிக்கையின்படி, எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது; பதிவு அதற்கு நிபந்தனை அல்ல. அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, சட்டம் வரையறுத்த இழப்பீடு கேட்கும் அளவுக்குப் போவதாக இருந்தால்தான் அங்கே உரிய காலத்தில் செய்த பதிவு தேவைப்படுகிறது.

இந்த இடத்தில் எனக்குப் பெரிய தயக்கம் வந்தது. நான் புனைபெயரில் எழுதுகிறவன். அலுவலகத்தில் யாருக்கும் நான் பேய் எழுதுவது தெரியாது, தெரியவும் வேண்டாம். புகார் கொடுத்தவரின் பெயர் எதிர்த்தரப்புக்குப் போகும் என்பதைப் படிவத்தின் அடியில்தான் பார்த்தேன். முகம் தெரியாத ஒரு கூட்டத்திடம், அவர்களுக்குக் கோபம் வரவழைத்த கையோடு, என் உண்மைப் பெயரைக் கொடுப்பதா? சில இரவுகள் தூங்கவில்லை. நான் எழுதிய எந்தப் பேயும் இந்த வேலையைச் செய்ததில்லை. கடைசியில் வழக்கறிஞரையே எனக்காக அறிவிப்பு அனுப்ப வைத்தேன். உரிமையாளரின் சார்பில் அதிகாரம் பெற்றவர் அனுப்பலாம் என்பதைச் சட்டமே அனுமதிக்கிறது. அதற்குக் கொடுத்த கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தின்றது. புனைபெயரில் எழுதுகிறவர்கள் இதற்கென்று ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள், அல்லது உண்மைப் பெயர் வெளியே வந்தால் பரவாயில்லையா என்பதை அமைதியான ஒரு நாளில் யோசித்து வையுங்கள். நெருக்கடியில் யோசித்தால் பயம்தான் முடிவெடுக்கும்.

அறிவிப்பு போனதும் மிரட்டல் வந்தது: காணொளி தவறாக நீக்கப்பட்டது என்று தளத்துக்கு எதிர் அறிவிப்புக் கொடுப்போம், அதைத் திரும்பக் கொண்டுவருவோம் என்று. அப்படி ஒரு வழி உண்டுதான். எதிர் அறிவிப்பு வந்தால், நாம் நீதிமன்றத்துக்குப் போனதாகத் தளத்துக்குத் தெரிவிக்காவிட்டால், 10 முதல் 14 வேலைநாட்களுக்குள் தளம் அதைத் திரும்பப் போட்டுவிடும். ஆனால் எதிர் அறிவிப்புக் கொடுப்பவர் தன் உண்மைப் பெயரையும் முகவரியையும் தந்து, நீதிமன்ற அதிகார வரம்புக்கு உட்படச் சம்மதித்து, பொய் என்றால் தண்டனை என்ற நிபந்தனையோடு கையொப்பமிட வேண்டும். திருடியவருக்கும் முகமூடியைக் கழற்றுவது கஷ்டம். மிரட்டல் வந்தது, எதிர் அறிவிப்பு வரவில்லை, காணொளி போனது. ஆனால் அதற்குள் வேறு சில சேனல்கள் அதே ஒலியை எடுத்துப் போட்டிருந்தன. ஒன்றில் இயந்திரக் குரல். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறிவிப்பு. இவற்றை நானே அனுப்பவில்லை, வழக்கறிஞரின் உதவியாளர் அதே வாசகத்தில் முகவரியை மட்டும் மாற்றி அனுப்பினார்.

பெரிய அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. காணொளியைக் கேட்ட யாரோ கதையை எழுத்தாகவும் தட்டச்சு செய்து பல பக்கங்களில் போட்டுவிட்டார்கள். நான் என் நூலை ஒரு மின்னூல் கடையின் தனியுரிமைத் திட்டத்தில் சேர்த்திருந்தேன். அதில் சேர்ந்தால் சந்தாதாரர்கள் படிக்கும் பக்கங்களுக்குப் பணம் வரும்; பதிலுக்கு அந்த நூலின் மின்வடிவம் வேறெங்கும் கிடைக்கக் கூடாது. சேர்வதற்கு முன் என் பக்கத்திலிருந்து இலவசக் கதையை எடுத்துவிட்டேன். கடையின் தானியங்கி முறைக்கு அதெல்லாம் தெரியுமா? 'உங்கள் நூலின் உள்ளடக்கம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, உரிமை உங்களுடையது என்று நிரூபியுங்கள்' என்று கடிதம் வந்தது. கெடுவோ மிகக் குறுகியது. நான் அனுப்பிய சான்றுகளைப் பார்த்து முடிக்கும்வரை நூல் விற்பனையில் இல்லை. அடுத்த நாவலை வெளியிடத் திட்டமிட்டிருந்த சமயம் அது. புதியதைப் படித்துவிட்டுப் பழையதைத் தேடி வருகிறவர்களை நம்பித்தான் எங்கள் வருமானமே நடக்கிறது. அந்தப் பருவம் முழுதும் போனது. நூல் திரும்பி வந்தபோது கடையின் பட்டியலில் எங்கோ அடியில் கிடந்தது. அந்த ஒற்றை நட்சத்திரம் இன்னமும் அங்கேதான் இருக்கிறது.

தனியுரிமைத் திட்டத்தில் சேருகிறவர்களுக்கு: தொடங்கும் அன்றே ஒரு கோப்புறை தயார் செய்யுங்கள். முதல் வெளியீட்டுத் தேதிச் சான்று, ஓவியரோடும் திருத்துநரோடும் செய்த ஒப்பந்தம், அட்டைக்குப் பயன்படுத்திய எழுத்துருவின் உரிமம்வரை அதில் இருக்கட்டும். கடிதம் வந்த பிறகு தேடினால் கெடு தேடுவதிலேயே முடிந்துவிடும். கடைக்கு அனுப்பும் பதிலில் புலம்பல் வேண்டாம். நான் எழுதிய முதல் வரைவு முழுக்கப் புலம்பல். வழக்கறிஞர் அதைக் கிழிக்காத குறையாகச் சுருக்கி, தேதிகளையும் இணைப்புகளையும் மட்டும் வைத்தார். படிப்பவர் ஒரு நாளைக்கு எத்தனை கடிதம் பார்ப்பாரோ!

இந்தக் காலம் முழுவதும் நான் எழுதவில்லை. எழுதாததைவிடப் படிக்க முடியாததுதான் வலித்தது. பதினோரு மணிக்குமேல் விளக்கைக் குறைத்துக்கொண்டு பேய்க்கதை படிப்பது எனக்குச் சிறுவயதுப் பழக்கம். இப்போது ஒரு நல்ல கதையைத் திறந்தால், இதை யார் எங்கிருந்து எடுத்தார்கள் என்ற கணக்கு மனசுக்குள் ஓடத் தொடங்கிவிடும். பயம் வரவேண்டிய இடத்தில் சந்தேகம் வரும். அது தெளியப் பல மாதங்கள் ஆயின. சக எழுத்தாளர்கள் சிலர் அப்போது தந்த ஆறுதல் எனக்குப் பிடிக்கவில்லை: "திருடும் அளவுக்கு நன்றாக எழுதியிருக்கிறாய்." பூட்டை உடைத்தவன் பூட்டைப் பாராட்டினான் என்பது போல் இருந்தது.

1968-இல் வந்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்துக்கு நடந்தது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். விநியோகஸ்தர் படத்தின் பெயரை மாற்றியபோது, பெயர் அட்டையில் இருந்த பதிப்புரிமை வாசகம் விடுபட்டுப் போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி இல்லாததால் படம் பொதுச் சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்து விற்றார்கள். இன்று அந்த வரி இல்லாவிட்டாலும் உரிமை போகாது. ஆனாலும் நான் ஒவ்வொரு கதையின் அடியிலும் புனைபெயர், ஆண்டு, 'குரல் வாசிப்புக்கும் முன் அனுமதி தேவை' என்று போடுகிறேன். தெரியாமல் எடுத்தேன் என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு கதையிலும் நானே படைத்த பெயர் ஒன்றாவது இருக்கும், ஓர் ஊர், ஓர் ஆறு, ஒரு தெய்வம். அதை மாதம் ஒருமுறை தேடினால் திருட்டுப் பிரதிகள் தாமாக வந்து நிற்கின்றன.

குரலில் கதை சொல்பவர்கள் எல்லோரும் திருடர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் சண்டை முடிந்த சில வாரங்களில் வேறொரு கதைசொல்லி முறையாக அனுமதி கேட்டு எழுதினார். இன்று என் கதைகளில் சிலவற்றை அவர்தான் வாசிக்கிறார். எங்கள் ஒப்பந்தம் ஒரு பக்கம்தான். தொடக்கத்திலேயே எழுத்தாளர் பெயரைக் குரலில் சொல்ல வேண்டும், விளக்கத்தின் முதல் வரியில் நூலின் இணைப்பு, 'உண்மைச் சம்பவம்' என்ற சொல் எங்கும் வரக் கூடாது, வருமானத்தில் பங்கு, ஓராண்டு உரிமை மட்டும், வேறு யாருக்கும் மாற்றித் தரக் கூடாது, குரலைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குக் கொடுக்கக் கூடாது. தனியுரிமைத் திட்டத்தில் இருக்கும் நூல் என்றால் ஒலிவடிவத்துக்கு அந்தக் கட்டுப்பாடு உண்டா என்பதை அந்தக் கடையின் விதிகளில் முதலில் பாருங்கள். நான் சேர்ந்திருந்த திட்டத்தில் மின்வடிவ எழுத்துக்கு மட்டும்தான் தடை. தையல் இயந்திரக் கதையைக் கடந்த மாதம் அவர் வாசித்தார். மிதிகட்டை நிற்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி ஒரே ஒரு திருத்தம் கேட்டேன், மறுபடி பதிவு செய்து அனுப்பினார்.